கன்னிவேட்டையும் சுரிகையும்: கண்ணப்பர் புராணத்தின் வேட்டைப் பகுதி

12ஆம் நூற்றாண்டுச் சேக்கிழாரின் கண்ணப்ப நாயனார் புராணத்தை அன்பின் கதையாகவே பயிலும் மரபில், அதன் வேட்டைப் பகுதி முன்னுரையளவில் நின்றுவிடுகிறது. அப்பகுதியோ வேட்டையைத் தொழிலாகக் காட்டுகிறது. திங்கள்முறை வேட்டை தாழ்ந்ததால் விலங்குகள் புனத்தை அழிக்க, வேடர் திரண்டு நாகனிடம் முறையிடுகின்றனர். முதுமையுற்ற நாகன் தலைமையை மகன் திண்ணனாரிடம் ஒப்படைக்கும்போது அளிப்பவை உடைதோலும் சுரிகையுமே; வில் அன்று.

வில் முன்னரே விழாவெடுத்துத் தரப்பட்டது. இங்கே ஒரு குறையைச் சுட்டலாம். விழாவுக்குப் பல பாடல்களை ஒதுக்கும் புலவர் அன்றாடப் பயிற்சியைச் சுருங்கச் சொல்லிக் கடக்கிறார். இலக்குத் தவறிய அம்பு ஒன்றுகூட இல்லை. நாயனாராகப் போகிறவர் தடுமாறிக் கற்பதைக் காப்பியம் விரும்பவில்லை போலும்.

கன்னிவேட்டையில் யானைக்கன்றைத் தொடராமை, குருளைகளைக் கொல்லாமை, சூல்கொண்ட பிணையை அலைக்காமை ஆகியன வேடர் ஒழுக்கமாகக் கூறப்படுகின்றன. இவற்றை அருளறம் என்பதினும், அடுத்த திங்களும் அதே காட்டுக்கு வரவேண்டிய குடியின் கணக்கு எனக் கொள்வது பொருந்தும்.

வலையறுத்து ஓடிய பன்றியை நாணனும் காடனும் உடன்வரத் துரத்தும் திண்ணனார், அது இளைத்து நின்றபோது அம்பு எய்யவில்லை. நெருங்கிக் குத்தி இரு துண்டாக்குகிறார். அவ்விடத்திலும் புலவர் அவரை ‘வில்லியார்’ என்றே குறிப்பது கருதத்தக்கது. வேட்டையை முடித்துவைப்பது கற்ற வில்லன்று. தலைமையோடு வந்த படைக்கலத்தின் தொழிலே. அவர் கை அம்பைக் காப்பியம் அணுகி நின்று காட்டுவது பின்னர், அதனால் தம் கண்ணையே அவர் அகழ்ந்தெடுக்கும்போதுதான்.