கோயிலொழுகும் ஈரங்கொல்லியின் சாட்சியமும்

ஸ்ரீரங்க சரித்திரம் பேசுவோர் கோயிலொழுகை இருவிதமாக வாசிக்கின்றனர். சிலர் துலுக்கர் படையெடுப்பின் கொடுமைகளை மட்டும் அதிலிருந்து திரட்டி இக்காலப் பூசலுக்கு ஆயுதமாக்குகின்றனர். வேறு சிலர் அதன் காலக்கணக்கில் உள்ள முரண்களைக் காட்டி, நூல் முழுவதையும் கட்டுக்கதையென்று ஒதுக்குகின்றனர். இரண்டும் நூலின் இயல்பை நோக்காமையால் விளைந்தவை.

ஒழுகு என்பது கோயில் நடைமுறைகளையும் கைங்கர்ய உரிமைகளையும் குறித்துவைத்த பதிவு. பல தலைமுறையினர் சேர்த்து எழுதியது. உரிமையை நிலைநாட்ட எழுந்த ஏடு, உரிமையுடையோரின் பெருமையை உயர்த்திக் கூறுதல் இயல்பே. ஆகையால் அதனைக் கல்வெட்டோடு ஒத்துப்பார்த்தே கொள்ளவேண்டும். 1311, 1323 ஆகிய ஆண்டுகளில் தில்லிப் படைகள் தென்னாட்டுக்கு வந்தன. பின்னர், வெளியே எழுந்தருளியிருந்த உத்ஸவரைக் கோபணார்யர் திருமலையிலிருந்து செஞ்சிக்கும், அங்கிருந்து திருவரங்கத்துக்கும் எழுந்தருளப்பண்ணினார். இச்செய்தியில் சகம் 1293 (கி.பி. 1371-72) கல்வெட்டும் ஒழுகும் இசைகின்றன.

கல்வெட்டில் இல்லாத ஒன்றையும் ஐதிஹ்யம் கூறுகிறது. இடைக்காலத்தில் வேறொரு திருமேனி பிரதிஷ்டையாகியிருந்தது. முன்பு ஸேவித்தோர் பெரும்பாலும் மறைந்துவிட்டனர். வந்தவர் பழைய பெருமாள்தாமா என்னும் ஐயத்தைத் தீர்த்தவன், கண்ணிழந்த முதிய ஈரங்கொல்லி ஒருவன். இரு மூர்த்திகளின் ஈரவாடைத் தீர்த்தத்தையும் பருகிப் பார்த்து, ‘இவரே நம்பெருமாள்’ என்றான். மற்றவர் திருவரங்க மாளிகையார் என்ற திருநாமத்தோடு இன்றும் உடன் எழுந்தருளியிருக்கிறார்.

இது நடந்தவாறே எழுதப்பட்டதா என்பதை நிறுவக் கல்வெட்டுச் சான்று இல்லை. ஆனால் உயர்ந்த கைங்கர்யபரர்களின் மரியாதைகளை வரிசைப்படுத்திக் காத்த மரபு, பெருமாளை அடையாளங்காட்டும் பெருமையை வஸ்திரம் துவைத்தவனுக்கு அளித்தது. தன் நலனுக்குத் துணைசெய்யாத ஒன்றையும் மறையாது சொல்லும் சாட்சியை எளிதில் தள்ளலாகாது.

அவ்வாறே, படையெடுப்பின் துயரைச் சொல்லும் அதே ஒழுகு, சுல்தானின் மகள் பெருமாளிடம் கொண்ட பக்தியையும் சொல்கிறது. துலுக்க நாச்சியாருக்கு இன்றும் சந்நிதி உண்டு. கோதுமை ரொட்டி நிவேதனமும் உண்டு. காயத்தை மட்டும் நினைவில் வைப்பதும், காயமே இல்லை என்பதும் முன்னோர் நெறியன்று. அவர்கள் இரண்டையும் ஒரே ஏட்டில் வைத்தனர். ஏட்டைப் பிரமாணமாகக் காட்டுவோர் முழுவதையும் வாசித்துக் காட்டுவதே முறை.