கூடுதலாக ஒரு டேங்க்

ஈரி ஏரியைக் கடந்து வரும் குளிர்காற்று அமெரிக்காவின் பஃபலோ வட்டாரத்தில் பனியைக் கொட்டத் தொடங்கினால் கணக்கு வழக்கில்லை. 2022 நவம்பரில் அங்குள்ள ஆர்ச்சர்ட் பார்க்கில் சில நாட்களில் 80 அங்குலம் விழுந்தது. பனியை அள்ளி வீசும் வீட்டு ஸ்னோபுளோயரின் பெட்ரோல் டேங்க்கோ பெரும்பாலும் மூன்று, நான்கு லிட்டர்தான். பாதி வேலையில் நிறுத்தி, கொதிக்கும் சைலன்சருக்குப் பக்கத்தில், விறைத்த விரல்களோடு பெட்ரோல் ஊற்றுவது ஆபத்து.

அதனால் சிலர் இன்னொரு டேங்க்கைப் பொருத்திக்கொள்கிறார்கள். பம்பே இல்லாத முறைதான் எனக்குப் பிடிக்கும். கார்பரேட்டருக்கு மேலே டேங்க் இருந்தால் போதும், பெட்ரோல் தானே இறங்கும். கீழே வைத்தால், கிராங்க்கேஸின் அழுத்த ஏற்ற இறக்கத்தால் இயங்கும் சின்ன டயாஃப்ரம் பம்ப் வேண்டும். கெட்டிக்காரப் பொருள்தான், ஆனால் பழுதாக இன்னொரு உறுப்பு எதற்கு?

ரசிக்க வேண்டியது டேங்க் மூடியின் காற்றுத் துளையை. அதைப் பனி அடைத்தால், டேங்க் நிறைய பெட்ரோல் இருந்தும் எஞ்சின் திணறி நிற்கும். (கார்பரேட்டரைக் கழற்றிப் பரப்பிய பிறகே மூடியைப் பார்ப்பவர்கள் உண்டு.) அடுத்தது, குழாயில் ஓர் அடைப்பு வால்வு. கார்பரேட்டரின் மிதவை ஊசி கசிந்தால், பெரிய டேங்க்கின் பெட்ரோல் இரவெல்லாம் ஒழுகி எஞ்சின் ஆயிலிலேயே கலந்துவிடக்கூடும்.

பத்து லிட்டர் பெட்ரோல் ஏழரை கிலோ. அதைத் தேவைக்கு மேல் ஒரு விரல்கூட உயர்த்தாமல், அதிர்வு தாங்க ரப்பர் வைத்து, பட்டையால் இறுக்கியிருப்பவர் வேலை தெரிந்தவர்.