பிஎச்பியில் ஸ்டேட்டிக் பண்பு: பொதுச் சொத்தா, தனிப் பங்கா?

கேமரன் மலையில் பிரிஞ்சாங்கைத் தாண்டினால் கியா பார்ம் காய்கறிச் சந்தை; அதற்குப் பக்கத்தில் போ நிறுவனத்தின் சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டம். 1929இல் தொடங்கிய இந்நிறுவனத்துக்குச் சிலாங்கூரின் தாழ்நிலத்தில் புக்கிட் சீடிங்கிலும் ஒரு தோட்டம் உண்டு. இப்படிப்பட்ட தோட்டங்களுக்கு ஒரு பிஎச்பி நிரல் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். 'தோட்டம்' தாய் வகுப்பு. பாலாஸும் சீடிங்கும் சேய் வகுப்புகள். தாயில் நிலவகை என்ற ஸ்டேட்டிக் பண்பின் மதிப்பு 'மலை'. சீடிங் அதே பண்பை மறுபடி அறிவித்து 'தாழ்நிலம்' என்று மாற்றிக்கொள்கிறது.

இந்த வசதி உண்மையிலேயே அழகானது. ஆப்ஜெக்ட் எதையும் உருவாக்காமல், ஒரே வரியில் வேறுபாட்டைச் சொல்லிவிடலாம். ஆனால் தாயின் மெத்தட் அந்த மதிப்பை 'செல்ஃப்' என்று கேட்டால், சீடிங் வழியாக அழைத்தாலும் 'மலை'தான் கிடைக்கும். அழைத்த வகுப்பின் மதிப்பைத் தரும் 'ஸ்டேட்டிக்' முன்னொட்டு 2009இல் பிஎச்பி 5.3உடன்தான் வந்தது. அதற்கு முந்தைய பிஎச்பிக்காக எழுதப்பட்ட யீ 1 கட்டமைப்பில், ஒவ்வொரு மாடல் வகுப்பும் தன் பெயரைத் தானே தாய்க்குச் சொல்லி அனுப்பும் மெத்தட்டைத் திரும்பத் திரும்ப எழுத வேண்டியிருந்தது.

சிக்கல், மாறும் மதிப்புகளில்தான். தாயில் 'இன்றைய கொழுந்து' என்று பூஜ்யத்தில் ஒரு ஸ்டேட்டிக் எண்ணை வைக்கிறோம். சேய்கள் அதை மறுபடி அறிவிக்கவில்லை. பாலாஸில் 40 கிலோ, சீடிங்கில் 25 கிலோ சேர்க்கிறோம். கிராணி எந்தத் தோட்டத்தின் கணக்கைக் கேட்டாலும் வருவது 65. 'ஸ்டேட்டிக்' முன்னொட்டு இங்கே உதவாது. மறுஅறிவிப்பு இல்லாத சேய்க்குத் தனி இடமே கிடையாது, தாயின் இடம்தான். மறுபடி அறிவித்தால் தனி இடம். இல்லையென்றால் பொது இடம். பயன்படுத்தும் வரியைப் படிப்பவருக்கு எது என்று தெரிய வழியில்லை, எச்சரிக்கையும் வராது. சேயில் மறுபடி அறிவிக்கும்போது பெயரை ஓர் எழுத்து தவறாக அடித்தாலும் புதுப் பண்பு ஒன்று சத்தமில்லாமல் பிறந்துவிடும். இதையே பெருங்குறை என்பேன்.

பிஎச்பி 7.4இல் பண்புகளுக்கு வந்த டைப் குறிப்புகள், சேயில் டைப்பை மாற்றவிடாமல் தடுக்கின்றன. நல்ல காவல்தான், ஆனால் பகிர்வுக் குழப்பத்தை அது தொடுவதில்லை. டிரெய்ட்டில் உள்ள ஸ்டேட்டிக் பண்பைத் தாயும் சேயும் தனித்தனியே பயன்படுத்தினால் தனித்தனி இடம் என்று 2023இல் 8.3 பதிப்புதான் திருத்தியது.

வழக்கமான எஃப்பிஎம் சேவையகத்தில் ஒவ்வொரு கோரிக்கை முடிந்ததும் இந்த மதிப்புகள் அழிந்துவிடுவதால் தவறு மறைந்தே கிடக்கும். லாரவெல் கட்டமைப்பின் ஆக்டேன் போன்ற, நிரலை நினைவகத்திலேயே வைத்திருக்கும் ஏற்பாட்டுக்கு மாறினால், முந்தைய கோரிக்கையின் கொழுந்து அடுத்த கோரிக்கையின் கணக்கில் ஏறும்.

பகிர்வுக் குழப்பத்துக்கு லாரவெலின் மாடல் பகுதியான எலோக்வென்ட் நல்ல வழி காட்டுகிறது: எந்த மாடல்கள் தொடங்கிவிட்டன என்பதைத் தாயிலுள்ள ஒரே அரேயில், வகுப்புப் பெயரையே சாவியாக வைத்துப் பதிகிறது. சேய் எதையும் மறுபடி அறிவிக்க வேண்டியதில்லை, மறந்துபோகவும் இடமில்லை.

மாறாத மதிப்புக்கு கான்ஸ்டன்ட் போதும்; அதையும் சேய் மேலெழுதலாம், 'ஸ்டேட்டிக்' முன்னொட்டால் படிக்கலாம். மாறும் மதிப்புக்கு எலோக்வென்ட் வழியோ ஆப்ஜெக்டோ வேண்டும். உங்கள் நிரலில் தாய் வகுப்பின் ஸ்டேட்டிக் பண்புக்குள் மதிப்பை எழுதும் வரிகளைத் தேடுங்கள். சேய்கள் அதை மறுபடி அறிவிக்கவில்லை என்றால், அந்தப் பகிர்வு வேண்டுமென்றே செய்ததுதானா என்று இன்றே சரிபாருங்கள்.