கடற்காட்சி ஒளிப்படங்களில் நிலமும் பொழுதும்

ஒளிப்படம் ஒரே கணத்தின் பதிவு என்பது பொதுவாக நிலவும் கருத்தாகும். கடலும் ஏரியும் ஒளிக்கும் வானிலைக்கும் ஏற்ப நொடிதோறும் தோற்றம் மாறுவன. ஆதலின் நீர்ப்பரப்பின் ஒளிப்படங்களை மதிப்பிடுவோர், ‘இப்பொழுது உண்மையில் நிகழ்ந்ததா?’ என்னும் வினாவையே முதன்மையாக எழுப்புகின்றனர். அவ்வினா மட்டும் போதாது என்பதைப் பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே (1820-1884), ஜப்பானியக் கலைஞர் ஹிரோஷி சுகிமோட்டோ (பிறப்பு 1948) ஆகியோரின் படங்களைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கின்றது. தொல்காப்பியர் கூறும் முதற்பொருள் இங்கு அளவுகோலாகக் கொள்ளப்படுகின்றது.

ஓவியப் பயிற்சி பெற்றவரான லெ கிரே, 1856 முதல் 1858 வரை நார்மண்டிக் கரையிலும் மத்தியதரைக் கடற்கரையிலும் கடற்காட்சிகளை எடுத்தார். அவர் பயன்படுத்திய கொலோடியன் தகடு நீல ஒளியை மிகுதியாக ஏற்பது. கடல் தெளிவாகப் பதியும் வரை ஒளி படவிட்டால் வானம் வெளிறிவிடும். வானத்திற்கு ஏற்பக் குறைத்தால் கடல் இருண்டுவிடும். இவ்விடர்ப்பாட்டைக் கடக்க, கடலுக்கு ஒன்றும் வானுக்கு ஒன்றுமாக இரு நெகட்டிவ்களை எடுத்து, தொடுவானக் கோட்டில் இணைத்து அச்சிட்டார். செத் நகரக் கடற்கரையில் 1857இல் எடுத்த ‘பேரலை’ இம்முறையில் அமைந்ததே. ஒரே மேகக்கூட்டம் அவருடைய வெவ்வேறு கடல்களின் மேல் காணப்படுவதும் உண்டு.

இது பொய்யா? தொல்காப்பியர் முதற்பொருளை நிலம், பொழுது என இரண்டாகப் பகுத்தார். திணை மயக்கத்தை விலக்காத அவர், இரு நிலங்கள் ஒருங்கு மயங்குவதை ஏற்கவில்லை. பொழுது மயங்கலாம், நிலம் மயங்காது என்பது இதனால் பெறப்படும். லெ கிரேயின் படத்தில் கடற்பகுதி நிலத்தையும் வான்பகுதி பொழுதையும் தாங்கி நிற்கின்றன. கரை மாறவில்லை, அதன்மேல் கவிந்த பொழுதே மாறியது. எனவே அவர் செய்தது பொழுது மயக்கம் எனலாம்.

இதற்கு மறுதலையான சான்றும் அவரிடமே உள்ளது. 1856ஆம் ஆண்டின் ‘பாய்மரக் கப்பல்’ ஒரே நெகட்டிவில் அமைந்தது, பகலில் எடுக்கப்பட்டது. ஆயினும் அதன் இருண்ட சாயலால் பார்வையாளர் அதனை நிலவொளிக் காட்சி என்றே கொண்டனர். இணைக்கப்படாத படம் பிறிதொரு பொழுதைக் காட்ட, இணைக்கப்பட்ட படமோ நம்பத்தக்க ஒரு பொழுதைக் காட்டுகின்றது. ஆகவே, ஒரே கணத்தில் எடுக்கப்பட்டமை உண்மைக்கு உறுதியாகாது. நீரின்மேல் விழும் ஒளி வானத்தின் ஒளிக்கு இயைகின்றதா என்பதே கலைநோக்கில் கேட்கத்தக்க வினாவாகும்.

சுகிமோட்டோ 1980இல் தொடங்கிய ‘கடற்காட்சிகள்’ வரிசை எதிர்த்திசையில் செல்கின்றது. கறுப்பு வெள்ளைப் படம்; நடுவே தொடுவானம்; மேலே காற்று, கீழே நீர். கரையோ கப்பலோ பறவையோ இல்லை. அதாவது, கருப்பொருள் முற்றாக நீக்கப்பட்டுள்ளது. 1993இல் உட்வில்லில் எடுத்த படம் கான்ஸ்டன்ஸ் ஏரியைக் காட்டுவது. தலைப்பு இன்றேல் அதனைக் கடலினின்று பிரித்தறிய இயலாது. மூடுபனியும் ஒளியும் எஞ்ச, நிலத்தின் அடையாளம் மறைகின்றது. நிலத்தை நமக்கு உணர்த்துவதில் கருப்பொருளுக்கு உள்ள இன்றியமையாமை அதன் இன்மையாலேயே இங்குப் புலப்படுகின்றது.

எனினும் ஒரு வரையறை வேண்டும். ஏரி வற்றியதற்கோ கடல் கரையை அரித்ததற்கோ சான்றாக ஒரு படம் முன்வைக்கப்படின், பொழுது மயக்கமும் பிழையாகும். அங்கு எடுத்த நாளும் நேரமும் மறைக்கப்படலாகாது. சான்றுக்கு உரிய அளவுகோலைக் கலைக்கும், கலைக்கு உரிய உரிமையைச் சான்றுக்கும் மாற்றி வழங்குவதே இத்துறைத் திறனாய்வில் நேரும் குழப்பம். கணினியில் வானத்தை மாற்றுதல் எளிதாகிவிட்ட இக்காலத்தில் அக்குழப்பம் பெருகவே செய்யும். நிலம் எது, பொழுது எது என முதலில் பிரித்துக் காணும் தமிழ்த் திணைமரபு, அதனைக் களைய உதவும் தக்க கருவியாகும்.