துரத்துகிறவர்களின் இலக்கணம்

1987 மார்ச் 10. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், திருட்டுக் காரில் தப்பிய ஒருவனைப் போலீசார் 48 மைல் தூரம் துரத்தினார்கள். தரையில் கார்கள், மேலே இரண்டு நகரங்களின் போலீஸ் ஹெலிகாப்டர்கள். மேலே இருந்த இரண்டும் ஒன்றோடொன்று மோதி விழுந்தன. மூன்று பேர் செத்தார்கள். கீழே காரோட்டிக்கொண்டிருந்தவன்மீது மூன்று கொலை வழக்கு. ஜூரி அவனைக் குற்றவாளி என்றது. 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை மாற்றியது. சட்டப் புத்தகங்களில் இது அகோஸ்டா வழக்கு.

மாற்றிய விதத்தைத்தான் நாம் வாசிக்க வேண்டும். நிபுணர் சாட்சி தெளிவாகச் சொல்லியிருந்தார்: பறத்தல் விதிகளை மீறியவர் விமானி, போலீஸ் ஹெலிகாப்டர்கள் இப்படி மோதியதாக அவர் அதுவரை கேள்விப்பட்டதில்லை. நீதிமன்றம் இதை மறுக்கவில்லை. ஆனாலும் ‘காரணம்’ என்ற நாற்காலியில் ஓடியவனையே உட்கார வைத்தது. இப்படித் தலைதெறிக்க ஓடினால், துரத்துகிற வேகத்தில் யாராவது தப்புச் செய்வார்கள், இது எதிர்பார்க்கக்கூடியதுதான் என்பது பெரும்பான்மையின் வாதம். கொலைத் தண்டனை ரத்தானது வேறொன்றால்: இந்த ஆபத்தை அறிந்தே, மனித உயிரைத் துச்சமாக நினைத்தான் என்பதற்குச் சான்றில்லையாம். அதாவது, அவனால்தான் செத்தார்கள். ஆனால் அவன் கொல்லவில்லை. கிராஸ்பி என்ற நீதிபதி மட்டும் முதல் பாதியிலேயே மாறுபட்டார். தரையில் ஓடுகிறவன் உண்டாக்கும் ஆபத்தின் எல்லைக்குள் வானத்து மோதல் வராது என்றார் அவர்.

இந்தக் கதையாடல் அதோடு முடியவில்லை. 2007இல் ஃபீனிக்ஸ் நகரில் ஒரு துரத்தலைப் படம்பிடிக்கப் போன இரண்டு தொலைக்காட்சி ஹெலிகாப்டர்கள் மோதி நான்கு பேர் இறந்தார்கள். ஓடியவன் பொறுப்பாக்கப்படலாம் என்று அந்நகரப் போலீஸ் தலைவர் அன்றைக்கே பேசினார். அந்த ஹெலிகாப்டர்களை அங்கே அனுப்பியது போலீஸ்கூட இல்லை, டிவிக்காரன்.

விழுப்புரத்தில் உட்கார்ந்துகொண்டு இதையெல்லாம் எதற்கு எழுதவேண்டும் என்று தோழர்கள் கேட்கலாம். நம் மாவட்டத்தில் யாரையும் ஹெலிகாப்டரில் துரத்துவதில்லைதான். ஆனால் அந்தத் தீர்ப்பின் வாக்கிய அமைப்பு நம் ஸ்டேஷன் எழுத்தர்களுக்கு மனப்பாடம். “தப்பி ஓட முயன்றபோது பாலத்திலிருந்து தவறி விழுந்ததில் வலது கையில் முறிவு ஏற்பட்டது.” கட்டுப்போட்ட கையோடு போட்டோவும் வரும். பாத்ரூமில் வழுக்கி விழுவது இதன் இன்னொரு பாடம். ‘ஏற்பட்டது’ என்ற வினையைக் கவனியுங்கள். அதற்கு எழுவாய் முறிவு. முறித்தவன் இல்லை. ஓடியது மட்டும்தான் செயல், மற்றதெல்லாம் விளைவு. என்கவுண்டரில் இது உச்சத்துக்குப் போகிறது: செத்தவன்மீதே கொலை முயற்சி வழக்குப் பதிவாகும். தன் சாவுக்குத் தானே காரணமாகி, பதில் சொல்ல ஆளில்லாமல் அந்தக் கோப்பு மூடப்படும்.

ஓடுகிறவனின் கணக்கில் சாவை எழுதும் இந்த அவசரத்துக்கு 2017 டிசம்பர் 13 ஓர் எடுத்துக்காட்டு. கொளத்தூர் நகைக்கடைக் கொள்ளையர்களைத் தேடி ராஜஸ்தானின் பாலி மாவட்டத்துக்குப் போன மதுரவாயல் ஆய்வாளர் பெரியபாண்டியன் குண்டடிபட்டு இறந்தார். கொள்ளையர்கள் சுட்டார்கள் என்றுதான் முதலில் செய்தி வந்தது. நாம் எல்லோருமே அப்படித்தான் படித்தோம். பிறகு ராஜஸ்தான் போலீஸ் சொன்னது வேறு: குண்டு உடன்போன இன்னொரு தமிழகக் காவல் ஆய்வாளர் கையிலிருந்த துப்பாக்கியிலிருந்து தவறுதலாக வெடித்தது. அவர்மீது 304ஏ, அதாவது கவனக்குறைவால் மரணம். கொள்ளையர்கள் அந்தக் குழுவைத் தாக்கினார்கள், அது தனிக் குற்றம், அதற்குத் தனித் தண்டனை உண்டு. சுட்டது யார் என்பது வேறு கேள்வி. இரண்டையும் பிரித்துப் பார்க்க முடிந்தது வேற்று மாநிலப் போலீஸ் விசாரித்ததால்தான் என்று நான் நினைக்கிறேன்.

மறுபக்கமும் உண்டு. 2018 மார்ச்சில் திருச்சி துவாக்குடி அருகே ஹெல்மெட் சோதனைக்கு நிற்காமல் போன தம்பதியை ஒரு போக்குவரத்து ஆய்வாளர் விரட்டிப்போய் பைக்கை எட்டி உதைத்ததாக வழக்கு. பின்னால் இருந்த பெண் செத்துப்போனார். மக்கள் சாலையை மறித்த பிறகு ஆய்வாளர் கைதானார். மறித்திருக்காவிட்டால் எஃப்ஐஆரின் எழுவாய் என்னவாக இருந்திருக்கும்?

நம் சட்டம் எழுத்தளவில் கலிபோர்னியாவைவிட மேல். குற்றம் செய்யும்போது எப்படிச் சாவு நேர்ந்தாலும் கொலைதான் என்ற அமெரிக்கக் கோட்பாடு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இல்லை. இங்கிலாந்தே அதை 1957இல் கைவிட்டுவிட்டது. 304ஏ பிரிவுக்கு (2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் 106) சாவுக்கு நேரடியான, உடனடிக் காரணமாக இருக்க வேண்டும், ‘அவன் இல்லாவிட்டால் நடந்திருக்காது’ என்பது போதாது என்று உச்ச நீதிமன்றம் 1965இல் ரங்வாலா வழக்கில் சொன்னது. அந்த வழக்கு என்ன தெரியுமா? பம்பாயில் ஒரு பெயிண்ட் பட்டறை. உருக்கிய தாரில் ஒரு தொழிலாளி டர்பன்டைனை அவசரமாக ஊற்ற, தீப்பிடித்து ஏழு பேர் செத்தார்கள். எரியும் பொருட்களை அங்கேயே குவித்துவைத்த பங்குதாரர் உடனடிக் காரணம் இல்லை, ஊற்றியவன்தான் என்று 304ஏயிலிருந்து அவரை விடுவித்தார்கள். முதலாளிக்கு வரும்போது காரணச் சங்கிலி ஒரே கண்ணியில் அறுந்துவிடுகிறது. அதே அளவுகோலைத்தான் ஓடுகிறவனுக்கும் கேட்கவேண்டும். துரத்தும் வண்டியை ஓட்டியவர், துரத்தச் சொன்னவர் இருவரும் நடுவில் இருக்கிறார்கள், சொந்த மூளையோடு.

சரி, ஏன் ஓடுகிறான்? அல்தூசர் சொன்ன காட்சி நம் வாசகர்களுக்குத் தெரியும்: தெருவில் போலீஸ்காரன் ‘ஏய்’ என்கிறான், கூப்பிடப்பட்டவன் திரும்புகிறான், திரும்பியதும் அதிகாரத்தின் தன்னிலையாகிறான். திண்டிவனம், செஞ்சி பக்கத்து இருளர்களிடம் இந்தக் காட்சி பொருந்தாது. அவர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை, ஓடுகிறார்கள். “நின்னா கேசு, ஓடினா சந்தேகம், நாங்க என்னதான் சார் செய்யறது?” 1993இல் திருட்டு வழக்கில் ஒரு உறவினரைத் தேடிக்கொண்டு அத்தியூருக்கு வந்த புதுச்சேரிப் போலீசார் இருளர் பெண் ஒருவரை வன்புணர்ந்ததாக வழக்கு. தேடப்பட்டவன் கிடைக்காததற்குக் கிடைத்தவர் அனுபவித்தார். 2006இல் விழுப்புரம் நீதிமன்றம் ஆறு பேரைத் தண்டித்தது. பின்னர் உயர் நீதிமன்றம் விடுவித்தது. இப்படியொரு வரலாறு இருக்கிற சேரியிலே ஜீப் சத்தம் கேட்டதும் ஏரிக்கரைப் பக்கம் ஓடுவதைக் குற்ற உணர்வின் அடையாளம் என்று படிப்பது எப்படி? 2024 ஜூலை வரை இருந்த சாட்சியச் சட்டத்தின் 8ஆம் பிரிவு தலைமறைவை ஒரு நடத்தையாகக் கணக்கில் எடுத்தது. ஆனால் நிரபராதியும் பயத்தில் ஓடலாம், அதை வைத்து மட்டும் குற்றவாளி என்று முடிவு கட்டக்கூடாது என்று 1971இல் மாத்ரு வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 46ஆம் பிரிவிலும் (இப்போது 43) உட்பிரிவு ஒன்று உண்டு: மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றம் சாட்டப்படாதவனைக் கைது செய்வதற்காகச் சாகடிக்க உரிமையில்லை. புதுச்சேரிச் சரக்கு கடத்துகிற பையன் திண்டிவனம் சாலையில் பைக்கை முறுக்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். பின்னால் வரும் மதுவிலக்கு ஜீப் கவிழ்ந்து ஒரு காவலர் செத்தால், அவர் குடும்பத்துக்கும் அது பேரிழப்புதான். அந்தப் பையன்மீது சாவுக்கேதுவான பிரிவு விழுமுன் வழக்கறிஞர்கள் கேட்கவேண்டியவை உண்டு. எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் துரத்தினார்கள்? வண்டி எண் தெரிந்திருந்ததா? தெரிந்திருந்தால் காலையில் வீட்டிலேயே பிடித்திருக்கலாமே? வாக்கிடாக்கியில் துரத்தச் சொன்ன அதிகாரி யார்?