லிஃப்ட்டுக்குள் ஒரு முகம்

அமெரிக்காவில் நான்கே மாநிலங்களில்தான் தொழிலாளர் ஆணையரை மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். நியமன அதிகாரியைவிட இவர் தொழிலாளிக்கு நெருக்கமானவர் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். அவற்றில் ஒன்றான வட கரோலினாவின் இரண்டு காட்சிகளை அருகருகே வைத்து வாசித்தபோது அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது.

ஒன்று: 1991 செப்டம்பர் 3. ஹாம்லெட் என்ற சிற்றூரின் கோழிக்கறி ஆலையில் தீ. கதவுகள் பூட்டிக் கிடந்தன. 25 பேர் செத்துப்போனார்கள். கறியைச் சோதிக்க மத்திய அரசின் ஆய்வாளர் வந்துபோனார். ஆட்களின் பாதுகாப்பைச் சோதிக்க 11 ஆண்டுகளில் ஒருவரும் வரவில்லை. அப்போதும் ஆணையர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்தான்.

இரண்டு: 2001 முதல் 2021 வரை ஆணையராக இருந்த ஷெரி பெர்ரியின் புகைப்படம், லிஃப்ட்டுகளில் ஒட்டிய ஆய்வுச் சான்றிதழ்களில் சிரித்தது. சான்றிதழ் என்ற பிரதி 'இது சோதிக்கப்பட்டது' என்கிறது. புகைப்படமோ 'என்னை ஞாபகம் வெச்சுக்கோ' என்கிறது.

கயிறு அறுந்தால் யாரைக் கேட்பது என்று தெரியுமே, அதுவும் ஜனநாயகம்தானே என்பார்கள். சரி. ஆனால் லிஃப்ட்டில் ஏறுகிறவர்கள் வாக்காளர்கள், எல்லாத் தரப்பும். கோழி ஆலைக்குள் யார் எட்டிப் பார்க்கப்போகிறார்கள்?

பிரதிநிதித்துவம் என்றால் ஒருவருக்காக நிற்பது; ஒருவராகக் காட்சி தருவதும்தான். தேர்தல் இரண்டாவதைத்தான் தன்னளவில் உறுதிசெய்கிறது. முதலாவதற்கு ஆலைக்குள்ளேயே ஒரு குரல் வேண்டும். ஹாம்லெட் ஆலையில் சங்கம் இல்லை. பூட்டிய கதவைப் பற்றி யார் வாய் திறப்பது?