லெஸ்ரர் றொட்னி: விளையாட்டுப் பத்தியும் நிறத்தடையும்

பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தை இலக்கிய விமர்சகர் பொருட்படுத்துவதில்லை. இடதுசாரிகளிற் சிலரோ அதனை உழைப்பாளரை மயக்கும் சாதனமென ஒதுக்கியுள்ளனர். இவ்விரு நோக்குகளையும் மறுபரிசீலனை செய்ய எம்மைத் தூண்டுபவர், அமெரிக்கக் கம்யூனிஸ்ட் கட்சியின் நாளேடான 'டெயிலி வேர்க்கர்' இதழில் 1936 முதல் விளையாட்டுப் பகுதி ஆசிரியராக விளங்கிய லெஸ்ரர் றொட்னி (1911–2009) ஆவார்.

புறூக்லினில் வளர்ந்தவர் அவர். 1929ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியில் தந்தையின் தொழில் அழிந்தது. அவ்விதழின் விளையாட்டுப் பக்கத்தைக் கண்டித்து அவர் எழுதிய கடிதமே அவரை அங்கு கொண்டு சேர்த்தது.

அக்காலத்தில் பெரும் பேஸ்போல் சங்கங்களிற் கறுப்பின வீரருக்கு இடமிருக்கவில்லை. எழுதப்பட்ட விதி எதுவுமின்றியே அத்தடை நிலவியது. போதிய திறமையுடைய கறுப்பின வீரர் இல்லையென்பதும், வெள்ளையின வீரர் உடன்படார் என்பதும் அதற்குக் கூறப்பட்ட சமாதானங்கள். றொட்னி இவற்றைக் கோட்பாட்டு விளக்கங்களால் எதிர்கொள்ளவில்லை, வீரரையே பேசவைத்தார். தாம் எதிர்கொண்ட பந்தெறிவாளருள் தலைசிறந்தவர் சச்சல் பெய்ஜ் என்று வெள்ளையின நட்சத்திர வீரர் ஜோ டிமாஜியோ கூறியதை 1937இல் 'டெயிலி வேர்க்கர்' வெளியிட்டது. உலகத் தொடரில் வெல்லும் அணி கறுப்பின வீரர் அணியுடன் மோதட்டும் என்ற பெய்ஜின் அறைகூவலும் அவ்வாண்டிலேயே அங்கு வெளிவந்தது. பிரசாரம் என்று இவ்வெழுத்தைத் தள்ளிவிடுவோர் இதனை மனங்கொள்ளல் வேண்டும். ஆட்டத்தின் நுட்பத்தை உணர்ந்து சுவைத்த ஒருவராலேயே இக்கேள்விகளை எழுப்பியிருக்க முடியும்.

1947இல் ஜக்கி றொபின்சன் புறூக்லின் டொட்ஜர்ஸ் அணிக்காகக் களமிறங்கினார். வழமையான வரலாறுகள் இதனை அணியின் தலைவர் பிறாஞ்ச் றிக்கியின் பெருந்தன்மையாகவே சித்திரிப்பன. நீண்டகால மக்கள் போராட்டம் தனிமனித அறச்செயலாகச் சுருக்கப்படுவதை நாம் ஏற்பதற்கில்லை. அதேவேளை, றொட்னியை மட்டும் முன்னிறுத்துவதும் அத்தவற்றின் மறுபக்கமே. வெண்டல் சிமித், சாம் லேசி முதலிய கறுப்பினப் பத்திரிகையாளரின் உழைப்பு, அவருடையதினும் குறைந்ததன்று.

இக்கோரிக்கைக்கு ஓர் எல்லையும் இருந்தது. அது உடைமையைத் தொடவில்லை. றொபின்சனை இழந்த கன்சாஸ் சிற்றி மொனார்க்ஸ் கழகத்துக்கு றிக்கி நட்டஈடு எதுவும் வழங்கவில்லை. கறுப்பினத்தவரின் தேசியச் சங்கம் 1948 உடன் முடிவுற்றது. அவ்வாண்டிலேதான் பெய்ஜ் பெருஞ்சங்க ஆட்டத்தில் முதன்முதலாகப் பந்தெறிந்தார். அப்போது அவருக்கு வயது 42.